தாவரங்கள்: இல்லை

ஆடி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை
கூனிக்கல்லுக்குப் போய்வந்தவர்கள் எழுதினார்கள்:
வெறும் பாறை.
குடியிருப்பு: இல்லை. கட்டடம்: இல்லை.
தாவரங்கள்: இல்லை.

படிவத்தின் நகல்
வந்தாறுமூலையில் என் மேசைக்கு வர
புரட்டாதி ஆகிவிட்டது.
அதற்குள் கோணேசராசா
கல்லுடைக்கும் இயந்திரத்துக்கு
முற்பணம் கட்டிவிட்டார்.

நான் பெரிய ஆள் இல்லை.
ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவுகிறவள்.
ஆனால் என் லாச்சியில்
பழைய விடைத்தாளில் மடித்த பதினொரு பொட்டலம்,
போன மார்கழியில் அதே கல்லில் எடுத்தவை.

ஒன்று, காய்ந்தால் இலைகளை உள்ளே சுருட்டி
கைவிரல் மடக்கினாற்போல் கிடக்கும்.
ஒன்றுக்கு வெள்ளி முலாம்.
ஒன்று தட்டையான இறகு,
சிற்றெறும்புக்கு விசிறியாகும்.
ஒன்று மாட்டுக் குளம்படிச் சேற்றில்
இரண்டாய்ப் பிளந்து, பிளந்ததும் இரண்டாய்ப் பிளந்து
வட்டம் முடியுமுன்னே தண்ணீர் வற்றிவிடும்.
பிரையோபைற்றா என்று படித்துப் பரீட்சை எழுதினோம்.
வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
வாவியில் மிதப்பதும் பாசி,
கிணற்றுக்கட்டில் வழுக்குவதும் பாசி,
கழுத்தில் கோப்பதும் பாசி.
'வழுக்கும், சுரண்டு.'
அதைப்பற்றி நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

மலைநாட்டுப் பாசிக்கு மேகம் படியளக்கிறது.
மரத்துக்கு மரம் தாடி விட்டுத் தொங்குகிறது.
படமெடுக்க விமானத்தில் வருகிறார்கள்.
இங்கே மாரி மூன்று மாதம்.
மிச்சம் ஒன்பதும் மூச்சடக்கிக் கிடக்கவேண்டும்.
செத்ததுபோல் கிடந்து தப்புவதை
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு
நான் விளக்கத் தேவையில்லை.

மறுபரிசோதனை ஐப்பசியில்.
மழை சுணங்கிய வருடம்.
கல்லின் சூடு செருப்பைத் தாண்டிக் கடித்தது.
தூரத்தில் குடும்பிமலை, வெளிறிய நீலத்தில்.
அலுவலர் சதாநிதி குடை பிடித்து நின்றார்.
கோணேசராசா குனிந்து பார்த்தார்:
"இஞ்ச என்ன பிள்ள கிடக்கு? கரி."

கரிதான். தீய்ந்த தோசைபோலக் கறுப்பு.
நான் தண்ணீர்ப் போத்தலை
அலுவலகத்திலேயே விட்டுவந்திருந்தேன்.
இதற்காகவே வந்தவள், அதை மறந்திருந்தேன்.

சாரதி அஸ்மீர் ஒன்றும் கேட்கவில்லை.
வானுக்கு இறங்கிப் போய்
ரேடியேற்றருக்கு வைத்திருந்த கானைத்
தோளில் சுமந்து ஏறி வந்தான்.

ஊற்றினேன்.
முதலில் ஒரு சத்தம்,
மிகச் சிறியது, கல் உறிஞ்சுகிற சத்தம்.
பிறகு சுருண்டவை அவிழ்ந்தன,
ஒவ்வொன்றாய் இல்லை,
எல்லாம் ஒரே நேரத்தில்,
வகுப்பில் யாரோ பேர் கூப்பிட்டதுபோல.
இருபது எண்ணுவதற்குள்
ஒரு சோற்றுக்கோப்பை அகலத்துக்குப் பச்சை.

கோணேசராசா நெடுநேரம் பார்த்தார்.
"மறுகா காஞ்சா கறுத்திரும்தானே?"
"ஓம். மறுகா பெஞ்சாப் பச்சைதான்."
"அப்ப எந்தக் கணக்கில போடுற?"

நல்ல கேள்வி.
படிவத்தில் மரம் இருந்தது, செடி இருந்தது, கொடி இருந்தது.
சதாநிதி மூன்றையும் பேனாவால் தடவினார்.
பிறகு அடிமட்டம் இல்லாமல் கீழே
கோணலாய் ஒரு கோடு இழுத்தார்.
பாசி, பதினொரு வகை.
மழையில் பார்க்கவும்.

அது எடுபடுமா என்று எனக்குத் தெரியாது.
இன்றுவரை தெரியாது.

இறங்குமுன் அஸ்மீர்
கானில் மிஞ்சியதை இன்னொரு கறுப்பில் சரித்தான்.
"இதுக்கும் கொஞ்சம்."

ஆகவே புலிபாய்ந்தகல்லில் வான் நின்றது,
மூடியைத் திறக்க ஆவி.
கோணேசராசாவின் மோட்டார் சைக்கிள்
எங்களைக் கடந்து போனது, நிற்கவில்லை.
சதாநிதி மைல்கல்லில் குந்தி
செருப்பைக் கழற்றித் திருப்பினார்.
அடியில் ஒட்டியிருந்தது ஒரு கறுப்புத் துணுக்கு.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
விரலை நாக்கில் தொட்டு
அதன்மேல் வைத்தார்.